பழைய பைக்குக்கு என்ஜின் மவுண்டிங் போல்ட் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்திலிருந்து பேசினாலும் வள்ளியூரிலிருந்து பேசினாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவோ மாமாவோ வைத்திருந்த புல்லட்டை வெளியே எடுத்திருப்பார்கள், என்ஜின் வேலை முடிந்திருக்கும், ஃபிரேமில் ஏற்றும்போது போல்ட் விஷயத்தில் எல்லாம் நின்றுவிடும். இருபது முப்பது ரூபாய்ச் சாமான்தானே என்று கிடைத்ததைப் போட்டு இறுக்கி, கடைசியில் கிராங்க்கேஸ் என்கிற என்ஜின் கூட்டில் போல்ட் நுழைகிற காதையே உடைத்துக்கொண்ட வண்டிகள் நம்ம திருநெல்வேலிப் பக்கம் நிறைய. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே எழுதியிருக்கிறேன். அதிகம் வருவது வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் 350 என்பதால் அதைப் பற்றிய பேச்சே கூடுதல். ஜாவா, ராஜ்தூத்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

என்ஜின் மவுண்டிங் போல்ட்டுன்னா எது எது அண்ணாச்சி? முன்னாடி இருக்கிற ரெண்டுதானா?

முன்னால் ஃபிரேமின் இறங்கு குழாயையும் கிராங்க்கேஸையும் சேர்க்கிற பிளேட் போல்ட்டுகள், பின்னால் என்ஜினையும் கியர் பாக்ஸையும் ஃபிரேமோடு பிடிக்கிற பிளேட் போல்ட்டுகள், மேலே சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஃபிரேமுக்குப் போகிற ஹெட் ஸ்டெடி. இவ்வளவும் சேர்ந்ததுதான் மவுண்டிங். பழைய புல்லட்டில் கியர் பாக்ஸே கிராங்க்கேஸின் பின்பக்கம் நாலு ஸ்டட்டில், அதாவது தலையில்லாத போல்ட்டில், நிற்கிறது. அதில் ஒன்று தளர்ந்தாலும் மொத்தமும் ஆடும்.

புல்லட்டில் என்ஜினுக்கு அடியில் தொட்டில் மாதிரி குழாய் ஓடாது. என்ஜினே ஃபிரேமின் ஒரு பகுதியாக நின்று பாரம் தாங்குகிறது. அதனால் இந்த போல்ட்டுகள் என்ஜினைக் கட்டிவைப்பதோடு வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்தும் பிடிக்கின்றன. ஹெட் ஸ்டெடி பல வண்டிகளில் இருப்பதே இல்லை. யாரோ ஒருமுறை கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். முதலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பேர் கடையில புல்லட் என்ஜின் போல்ட் செட்டுன்னு கவர்ல போட்டு விக்காங்களே, அத வாங்கி மாட்டினா போதாதா?

உங்கள் வண்டியின் மாடலுக்கு உரிய செட்டாக இருந்தால் போதும். சிக்கல் அந்த 'உரிய'தில்தான் இருக்கிறது. திருவொற்றியூர் தொழிற்சாலை 1955-ல் பிரிட்டிஷ் வடிவமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்கியது. மரையும் பிரிட்டிஷ் மரை. பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக மில்லிமீட்டருக்கு மாறினார்கள். ஒரே வண்டியில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. போதாததற்கு உங்கள் வண்டியை எத்தனையோ மெக்கானிக் தொட்டிருப்பார்கள், ஃபிரேம் ஒரு வருடத்தது, என்ஜின் வேறு வருடத்தது என்றும் இருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருடத்தை நம்பி போல்ட் வாங்காதீர்கள். கவரைக் கடையிலேயே பிரித்து, பழைய போல்ட்டோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கடைக்காரர் எத்தன நூல், எவ்வளவு நீளம்னு கேக்காரு. எனக்கு ஒண்ணும் புரியல. என்னத்த அளக்கணும்?

நாலு அளவு வேண்டும். ஒன்று, மரை இல்லாத தண்டின் குறுக்களவு. ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மூணு நூல் என்றால் 3/8 அங்குலம், அதாவது 9.53 மி.மீ. இரண்டரை நூல் என்றால் 5/16 அங்குலம், 7.94 மி.மீ. வெர்னியர் அளவுகோல் 9.5 காட்டினால் மூணு நூல், 10 காட்டினால் எம்10, அதாவது 10 மி.மீ. மெட்ரிக் போல்ட். மரையின் மேல் வைத்து அளக்காதீர்கள், தேய்ந்திருக்கும். தண்டிலும் தேயாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

இரண்டாவது, தலைக்குக் கீழிருந்து முனை வரை நீளம். மூன்றாவது, அந்த நீளத்தில் மரை இல்லாத வழவழப்பான பகுதி எவ்வளவு. நாலாவது, மரையின் நெருக்கம். மூன்றாவதை யாரும் அளப்பதே இல்லை, கேடு வருவதும் அங்கிருந்துதான். அம்பைப் பக்கத்து வண்டி ஒன்றின் முன் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், முழு நீளமும் மரை வெட்டிய போல்ட். பிளேட் உட்கார்ந்த இடத்தில் மட்டும் மரையின் நுனிகள் ஒரு பக்கமாக நசுங்கி, தட்டையாகி, அந்த ஒரு சாண் துருவுக்கு நடுவே வெள்ளையாக மின்னின. பிளேட் ஓட்டையும் அதே பக்கம் நீண்டு முட்டை வடிவாகியிருந்தது. எம்8 போல்ட்டின் வழவழப்பான தண்டின் குறுக்குவெட்டு 50 சதுர மி.மீ.; மரைப் பகுதியில் பாரம் தாங்குவது 36.6 தான். பிளேட்டும் காதும் உட்காருகிற இடத்தில் வழவழப்பான தண்டு இருக்க வேண்டும்.

இங்கிலீஷ் மரையா, மில்லிமீட்டர் மரையா? பாத்தா எல்லாம் ஒண்ணு போலதான் தெரியுது.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மரையின் நெருக்கத்தை அளக்கிற பிட்ச் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள், மெட்ரிக், அங்குலம் இரண்டும் உள்ளதாக. அது வரும்வரை ஸ்டீல் ஸ்கேலை மரை மேல் படுக்கவைத்து அரை அங்குலத்தில் எத்தனை பள்ளம் என்று எண்ணி இரட்டியுங்கள். இரண்டரை நூல் போல்ட்டில் அங்குலத்துக்கு 18 என்றால் பிரிட்டிஷ் அகல மரையான விட்வொர்த் அல்லது அமெரிக்க வகை அகல மரையான யுஎன்சி, 22 என்றால் பிரிட்டிஷ் நெருக்க மரையான பிஎஸ்எஃப், 24 என்றால் அமெரிக்க வகை நெருக்க மரையான யுஎன்எஃப், 26 என்றால் சிஇஐ எனப்படும் சைக்கிள் மரை. மூணு நூலில் அதே வரிசை 16, 20, 24, 26.

இன்னொரு நல்ல வழி, தெரிந்த போல்ட் ஒன்றை எடுத்து இதன் மரையோடு பக்கவாட்டில் பொருத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பது. இரண்டும் ஒரே மரை என்றால் இடைவெளியே தெரியாது. வேறு என்றால் நாலைந்து பள்ளம் தாண்டியதும் வெளிச்சம் கசியும்.

நட்டு கையாலயே சுளுவா ஏறுதே. அப்போ சரியான சைஸ்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். மூணு நூல் பிஎஸ்எஃப் மரைக்கு அங்குலத்துக்கு 20 பள்ளம், அதாவது ஒரு மரைக்கு 1.27 மி.மீ. ஜப்பான் வண்டிகளில் சாதாரணமாக வரும் எம்10 மரைக்கு 1.25 மி.மீ. கிட்டத்தட்ட ஒரே நெருக்கம். ஆனால் நட்டின் வாய் அரை மி.மீ. பெரிது. அந்த எம்10 நட்டை உங்கள் பிஎஸ்எஃப் போல்ட்டில் போட்டால் கைவிரலால் கடைசிவரை ஓடும். மரையின் நுனி மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஸ்பேனர் வைத்து இறுக்கினால் இறுகுவது போலவும் தெரியும். வண்டி நாலு நாள் ஓடியதும் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

நட்டைப் பாதி ஏற்றி அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாருங்கள். சரியான நட்டு மிக லேசாகத்தான் ஆடும், தலையாட்டாது. நேர்மாறாக, இரண்டு சுற்று ஏறிப் பிறகு இறுகினால் நெருக்கம் வேறு என்று அர்த்தம். எம்8 நட்டை இரண்டரை நூல் பிஎஸ்எஃப்பில் போட்டால் அப்படித்தான் ஆகும். 'கொஞ்சம் எண்ணெய் விட்டு முறுக்குனா ஏறிரும்' என்று யாராவது சொன்னால் அவர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கிவிடுங்கள்.

13 ஸ்பேனர் நுழைய மாட்டேங்குது, 14 போட்டா வழுக்குது. போல்ட் தலை தேஞ்சிருச்சோ?

தலை நன்றாகத்தான் இருக்கும். இரண்டரை நூல் பிஎஸ்எஃப் போல்ட்டின் தலை 13.3 மி.மீ., மூணு நூலுக்கு 15.2 மி.மீ. இரண்டுக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் கிடையாது. விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும். முன்னதற்கு 1/4 டபிள்யூ, பின்னதற்கு 5/16 டபிள்யூ என்று பொறித்திருக்கும். 14-ஐப் போட்டு முறுக்கித்தான் முக்கால்வாசி பழைய போல்ட்டுகளின் மூலை மழுங்கிப்போயிருக்கிறது.

ஜாவா, எஸ்டிக்கும் இதே பாடுதானா?

இவ்வளவு பாடு இல்லை. மைசூர் ஐடியல் ஜாவா 1961-லிருந்து செய்த வண்டிகள் செக் வடிவமைப்பு, முழுக்க மில்லிமீட்டர் மரை. ராஜ்தூத் 175 போலந்து வண்டியிலிருந்து வந்தது, ராஜ்தூத் 350-உம் ஆர்எக்ஸ் 100-உம் யமஹா. எல்லாமே மில்லிமீட்டர்தான். ஆனால் எம்10-ல் 1.5 மரையும் உண்டு, 1.25 மரையும் உண்டு. யமஹா போல்ட்டையும் ஜாவா போல்ட்டையும் ஒரே டப்பாவில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

திருநவேலில எங்கன கிடைக்கும்? இதுக்காக மெட்ராஸ் போகணுமா?

முதலில் உங்கள் போல்ட்டுகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நட்டில் முடிகிறவை ஒன்று, கிராங்க்கேஸ் அலுமினியத்திலோ ஃபிரேமிலோ வெட்டிய மரைக்குள் இறங்குகிறவை இன்னொன்று. நான் சொல்ல வருவதில் முக்கியமானதே இந்தப் பிரிவுதான். ஊடே போகிற போல்ட்டில் ஓட்டைக்குத் தெரிவதெல்லாம் தண்டின் தடிமன் மட்டுமே. மரை அதனுடைய சொந்த நட்டைத் தவிர எதையும் தொடாது. அதனால் மூணு நூல் பிஎஸ்எஃப் இருந்த இடத்தில் மூணு நூல் யுஎன்எஃப் போல்ட்டை, யுஎன்எஃப் நட்டோடு சேர்த்துப் போட்டால் பலத்தில் ஒரு குறையும் வராது.

யுஎன்எஃப் மரையுள்ள ஹைடென்சில் (அதிக இழுவிசை தாங்கும்) போல்ட்டுக்கு டிராக்டர் ஸ்பேர் கடைக்குப் போங்கள். மாஸி ஃபெர்குசன் டிராக்டருக்கும் பழைய ஜீப்புக்கும் அந்த மரைதான். நம்ம பக்கம் வயலும் டிராக்டரும் இருக்கிற ஊரிலெல்லாம் அந்தக் கடை உண்டு. டூவீலர் கடையில் கையை விரித்த சாமான் சங்கரன்கோவில் டிராக்டர் கடையில் நீளம் நீளமாக அடுக்கியிருக்கும். நீளம் கூடுதலாக வாங்கி, வழவழப்பான பகுதி சரியாக வருகிற மாதிரி பார்த்து, முனையை அறுத்துக்கொள்ளலாம்.

மரைக்குள் இறங்குகிற குவியலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதே மரை, அதே நெருக்கம் வேண்டும். பழைய ஹார்டுவேர் கடைகளில், அதுவும் லிஸ்டர் வகை ஆயில் என்ஜின் சாமான் விற்றுவந்த கடைகளில், பிஎஸ்எஃப் போல்ட் அடித்தட்டில் கிடக்க வாய்ப்பு உண்டு. பெரியவர் யாராவது கல்லாவில் இருந்தால் அவரிடம் கேளுங்கள், பையன்கள் 'இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். சென்னை புதுப்பேட்டையில் பிரித்த வண்டிச் சாமானும் கிடைக்கும். ஆனால் பழைய போல்ட்டைப் பழைய போல்ட்டால் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட லேத் மேல்.

லேத்துல கடைஞ்சு வாங்கிக்கலாமா? தாங்குமா?

தாங்கும், கம்பி சரியாக இருந்தால். சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) கம்பியில் செய்யச் சொல்லாதீர்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், இறுக்க இறுக்க நீளும். இஎன்8 எனப்படும் நடுத்தர கார்பன் எஃகுக் கம்பி குறைந்தபட்சம். கியர் பாக்ஸ் ஸ்டட், முன் பிளேட் ஸ்டட் போன்றவற்றுக்கு இஎன்24 எனப்படும் அலாய் எஃகு கேளுங்கள், பதப்படுத்திய 'டி' நிலையில். கடைசலுக்குக் கொஞ்சம் நேரம் கூடும், கூலியும் கூடும், கொடுத்துவிடுங்கள்.

பேட்டை தொழிற்பேட்டைப் பக்கமும் ரைஸ் மில் வேலை பார்க்கிற பட்டறைகளிலும் கைதேர்ந்த டர்னர்கள் இருக்கிறார்கள். அவரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பிஎஸ்எஃப், விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி. மில்லிமீட்டர், யுஎன்எஃப், சிஇஐ மூன்றுக்கும் 60. டூலை அதற்கேற்ப அவர் தீட்ட வேண்டும். இரண்டாவது, தலையும் தண்டும் சேருகிற மூலையைக் கூராக வெட்டாமல் சின்ன வளைவு விடச் சொல்லுங்கள். போல்ட் முறிவது பெரும்பாலும் அந்த மூலையில் அல்லது மரை தொடங்கும் இடத்தில். நட்டு உங்களிடம் இருந்தால் அதையும் கொடுத்துவிட்டு வாருங்கள், போட்டுப் பார்த்துக்கொண்டே வெட்டுவார்.

தலையில 8.8, 10.9னு போட்டிருக்கே. பெரிய நம்பர் வாங்கினா பலம் ஜாஸ்திதானே? 12.9 போட்டிருவோமா?

8.8-ல் முதல் எண் 800 மெகாபாஸ்கல் இழுவிசைப் பலம், இரண்டாவது அதில் 80 சதவீதம் வரை நீளாமல் தாங்கும், அதாவது 640. என்ஜின் மவுண்டிங்குக்கு 8.8 போதும். அங்குல போல்ட்டில் எண் இருக்காது, தலையில் மூன்று கோடு இருந்தால் ஏறக்குறைய 8.8, ஆறு கோடு இருந்தால் ஏறக்குறைய 10.9. எதுவுமே பொறிக்காத போல்ட்டைக் கேட் கதவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

12.9 வேண்டாம். கடினம் கூடக்கூட அதிர்ச்சியைத் தாங்கும் குணம் குறையும். அதற்கு ஜிங்க் முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பிறகு ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் முறியும் ஆபத்தும் உண்டு. முலாம் போட்டதும் 200 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தெடுத்தால் அந்த ஆபத்து குறையும். உள்ளூர் முலாம் கடையில் அதைச் செய்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே கொடுங்கள், 10.9-க்கும் இது பொருந்தும்.

எங்க வீடு உவரி. கடக்காத்துல எல்லாம் துரு ஏறிருது. எஸ்எஸ் போல்ட் போடலாமா?

கடலோரக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் ஏ2-70 தர எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் 450 மெகாபாஸ்கலிலேயே நீளத் தொடங்கிவிடும். மேலே சொன்ன 640-ஐ நினைத்துப் பாருங்கள். எஸ்எஸ் போல்ட்டில் எஸ்எஸ் நட்டைப் போட்டு வேகமாக இறுக்கினால் மரைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உப்புக் காற்றில் அலுமினிய கிராங்க்கேஸோடு எஸ்எஸ் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்.

மட்கார்டு, டூல் பாக்ஸ், செயின் கவருக்கு எஸ்எஸ் போடுங்கள். மவுண்டிங்குக்கு ஜிங்க் முலாம் போட்ட 8.8, உள்ளே நுழையும் தண்டில் இறுகிப் பிடிக்காமல் காக்கிற ஆன்டி-சீஸ் பேஸ்ட், வெளியே தெரியும் முனையில் கிரீஸ். வருடத்துக்கு ஒருமுறை துடைத்துப் புதுசாகத் தடவுங்கள்.

பழைய போல்ட் இறுகிப்போய் அசைய மாட்டேங்குது. மெக்கானிக் சம்மட்டி எடுக்காரு.

தடுத்துவிடுங்கள். அலுமினியத்துக்குள் வருடக்கணக்காக உட்கார்ந்த போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டியிருக்கும், அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. துரு நீக்கும் ஸ்பிரேயை இரண்டு பக்கமும் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள், மறுநாளும் அடியுங்கள். பிறகு டேங்க், கார்புரேட்டர், பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் கழற்றித் தூர வைத்துவிட்டு, காதைச் சுற்றி ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டுங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டும்.

நேராகத் தள்ளுவதற்கு முன் தலையை ஸ்பேனரால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க வேண்டும். சுற்ற ஆரம்பித்தால் வந்துவிடும். தட்டத்தான் வேண்டுமென்றால் முனையில் நட்டை மட்டமாக ஏற்றிவைத்து, பித்தளைக் கட்டை கொடுத்துத் தட்டுங்கள். மறுபக்கம் காதுக்கு முட்டு கொடுக்காமல் ஒரு அடி கூட விழக்கூடாது.

கிராங்க்கேஸ்ல மரையே போயிட்டு. பெரிய போல்ட்டா போட்டு டேப் அடிச்சிரலாமா?

பெரிதாக்கினால் காதின் சுவர் மெலியும். ஹெலிகாயில் போடுங்கள். பழைய மரையை எடுத்துவிட்டு, எஃகுச் சுருள் ஒன்றை உள்ளே இறக்கி, அதே பழைய அளவு போல்ட்டை ஏற்றுவது. அலுமினியத்தில் போல்ட் தன் குறுக்களவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் இறங்க வேண்டும். பிளேட் ஓட்டை முட்டையாகிவிட்டதென்றால் அதை வட்டமாக்கி எஃகு புஷ் அடித்து, சரியான அளவுக்கு ரீமர் போடுங்கள். மூணு நூல் ஓட்டையை எம்10-க்காகத் துளைத்துப் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம். நட்டு மாற்றத்துக்காக ஃபிரேமைக் கெடுக்கிற வேலை அது, டிராக்டர் கடை வழி இருக்கும்போது தேவையும் இல்லை.

எல்லா போல்ட்டும் புதுசு. இருந்தும் வாரத்துக்கு ஒருக்க தளருது, ஃபுட்ரெஸ்ட்டெல்லாம் உதறுது.

போல்ட்டை விட்டுவிட்டு இடைவெளியைப் பாருங்கள். என்ஜின் காதுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஸ்பேசர் இருந்திருக்கும், தொலைந்திருக்கும். இடைவெளியோடு இறுக்கினால் போல்ட்டின் பலமெல்லாம் பிளேட்டை வளைப்பதிலேயே போய்விடும், காதுக்கும் விரிசல் வரும். போல்ட் போடாமல் என்ஜினை இடத்தில் நிறுத்தி, இருபுறமும் சந்து எவ்வளவு என்று பார்த்து, அந்தத் தடிமனுக்கு வாஷரோ ஸ்பேசரோ செய்து வையுங்கள்.

என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, பிறகு கீழிருந்து மேலாக இறுக்குங்கள். ஹெட் ஸ்டெடி கடைசி. அதை முதலில் இறுக்கினால் என்ஜினை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு நல்லது, ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள். மரைக்குள் இறங்குகிறவற்றுக்கு மரை தளராமல் பிடிக்கிற பசையான திரெட் லாக், நீல நிறத்தது, ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அடுத்த முறை சூடு காட்டாமல் வராது.

எவ்வளவு இறுக்கணும்? டார்க் ரென்ச் கட்டாயமா?

எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுகிற ரென்ச் அது, இருந்தால் நல்லது. 8.8 தரத்தில் எஃகு நட்டோடு எம்8 அல்லது இரண்டரை நூல் என்றால் 25 நியூட்டன் மீட்டர் பக்கம், எம்10 என்றால் 45 முதல் 50, மூணு நூலுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக. மரையில் எண்ணெயோ ஆன்டி-சீஸோ இருந்தால் இன்னும் குறையுங்கள், அலுமினிய மரைக்குள் என்றால் அதற்கும் கீழே. உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகம் கையில் இருந்தால் அதிலுள்ள எண்தான் முதல். நூறு கிலோமீட்டர் ஓடியதும், என்ஜின் ஆறிய பிறகு, ஒருமுறை எல்லாவற்றையும் சரிபாருங்கள். குற்றாலம் போய்த் திரும்பினால் அந்தத் தூரம் வந்துவிடும்.

தாத்தா ஓட்டின வண்டி. போல்ட்ட மாத்தினா ஒரிஜினல் போயிருமேன்னு வீட்ல சொல்லுதாவ.

பாரம் தாங்குகிற போல்ட்டை மாற்றத்தான் வேண்டும். அந்த வண்டியில் உங்கள் பிள்ளையை ஏற்றப் போகிறீர்கள். வெளியே தெரியும் தலை பழைய மாதிரி இருக்க வேண்டுமென்றால் லேத்தில் தலையின் உயரமும் ஓரச் சரிவும் பழையதைப் பார்த்தே செய்யச் சொல்லலாம், மரையையும் பிஎஸ்எஃப்பாகவே வைக்கலாம்.

கழற்றிய போல்ட்டுகளைத் தூர எறிய வேண்டாம். ஒவ்வொன்றிலும் 'முன் பிளேட் மேல்', 'பின் பிளேட் இடது' என்று அட்டை கட்டி, பிட்ச் கேஜ் காட்டிய எண்ணையும் எழுதி, எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். மாதிரிக்கு எடுத்துப்போக வேறு எதுவும் இருக்காது.